மூன்றால் வகுக்காத சொட்டு

கிட்ட வந்து உட்காருங்கள் சாமிகளா. அந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். நான் சொல்லப்போவது ஒரு சின்னச் சத்தத்தின் கதை. அதைக் கேட்க வீடு அடங்கியிருக்க வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளை யாராவது இருந்தால் என் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், முந்தானையைப் பிடித்துக்கொள்ளட்டும். நல்ல கதையாகவே சொல்கிறேன், அதற்கு நான் பொறுப்பு. நல்லவள் ஒருத்தியின் கதை என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஜலகண்டாபுரத்தில் மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. பராமரிப்பு வேலை என்று காலையில் நிறுத்தினால் மறுபடி வருவது பொழுது சாயும் நேரத்தில்தான். சந்துக்குச் சந்து விசைத்தறி ஓடுகிற ஊர் அது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அந்தத் தடதடப்பு சுவருக்குப் பின்னால் இருந்துகொண்டே இருக்கும். அங்கே வளர்ந்தவர்களுக்கு அது சத்தம் என்றே தெரியாது, தன் மூச்சு தனக்குக் கேட்காத மாதிரி. கரண்ட் போன அன்று அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அப்போது, காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கியது போல, இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தனவோ என்று தோன்றும் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்: ஓட்டின் மேல் அணில் ஓடுவது, நாலு வீடு தள்ளி யாரோ வெங்காயம் நறுக்குவது, மொட்டைமாடித் தொட்டியின் மூடி வெயிலில் நெளிவது.

அப்படி ஒரு நாளில்தான் தேவிப்ரியாவுக்கு அந்தச் சொட்டு கேட்டது.

டாக்டர் தீர்த்தகிரியின் ஆஸ்பத்திரியில் அவள் பெரிய சிஸ்டர். கீழே டாக்டர் அறையும் மருந்துக்கடையும், மாடியில் ஒரே ஒரு வார்டு, சுவரோரமாகச் சில கட்டில்கள். மொத்த ஆஸ்பத்திரியும் அவ்வளவுதான். ஆனால் அவள் படியேறி வரும் தோரணையைப் பார்த்தால் சேலத்தில் பாதி அவளுக்குச் சொந்தம் போலிருக்கும். அன்று காலையும் அந்தத் தோரணைக்குக் குறைவில்லை. முந்தின நாள் உறவுக்காரர் வீட்டுக் கறி விருந்து ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவள்தான். வயிற்றால் போனதற்கெல்லாம் லீவு போடுவது கூலிக்காரன் பழக்கம் என்பது அவள் கட்சி. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வார்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொட்.

ஜன்னலோரத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் ஸ்டாண்டு நின்றது. ஸ்டாண்டில் காலி பாட்டில் ஒன்று தொங்கியது, பாட்டிலிலிருந்து குழாய் தொங்கியது, குழாயின் நடுவில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற சின்னச் சக்கரம் கடைசிவரை கீழே உருட்டி மூடப்பட்டிருந்தது. இருந்தும் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குப்பிக்குள் ஒரு சொட்டு மெல்லத் திரண்டது. விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி தொங்கியது.

சொட்.

"ஏய் வித்யா! யாருக்குடி இது மாட்டி வச்சிருக்க?"

ஊசிக் குப்பைகளை வாளியில் கொட்டிக்கொண்டிருந்த வித்யா திரும்பிப் பார்த்தாள். தேவிப்ரியாவுக்கு அடுத்த நிலை நர்ஸ் அவள். நடை, பேச்சு, நோயாளியைப் பார்க்காமலேயே பதில் சொல்லும் விதம் எல்லாமே தேவிப்ரியாவிடமிருந்து எடுத்துக்கொண்டது.

"நான் மாட்டலீங்கக்கா."

"அப்ப கட்டிலு எந்திரிச்சுப் போயி தானே மாட்டிக்கிச்சா?"

வித்யா கடமைக்குச் சிரித்தாள். தேவிப்ரியா ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் மூலையில் நிறுத்தினாள். காலி பாட்டிலில் மிச்சம் இருந்த ஈரமாக இருக்கும். இதற்குப் போய் நின்று பார்த்தோமே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கரண்ட் இல்லாத நாளில் புழுக்கத்துக்குப் பயந்து யாரும் வார்டில் தங்க மாட்டார்கள். அன்று முத்தாயம்மாள் மட்டும் இருந்தாள். காட்டு வேலைக்குப் போகிற கிழவி. காய்ச்சல் விட்டுவிட்டது, வாய் விடவில்லை.

"ஏனுங்க சிஸ்டரு, இன்னிக்கு ரண்டு பாட்டிலா போட்டு உடுங்க. மத்தியானம் பஸ்ஸுக்குப் போவோணும். நேத்துப் போட்டது உச்சந்தலை வரைக்கும் ஏறவே இல்ல."

"ஏறுறதுக்கு உச்சந்தலையில ஏதாச்சும் இருக்கோணுமே."

"ஒண்ணும் இல்லாததாலதான சாமி பாட்டிலு கேக்கறேன். இருந்தா உங்களாட்டம் சும்மாவே வீங்கியிருக்க மாட்டனா?"

வித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவிப்ரியா கிழவியின் குழாய்ச் சக்கரத்தை மேலே தள்ளிவிட்டாள். இந்த ஜனங்களுக்குக் குளுக்கோஸ் பாட்டில்தான் குலசாமி. அலுப்பு என்றால் பாட்டில், தலைச்சுற்றல் என்றால் பாட்டில், அதுவும் அடுத்த பஸ் வருவதற்குள் உள்ளே இறங்கிவிட வேண்டும். அவர்களுக்குத் தகுந்த மாதிரி அவளும் பழகியிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவதெல்லாம் படிப்பு முடித்துவிட்டு வந்த புதுசில். இப்போது கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு தள்ளு, கண்ணால் ஒரு பார்வை. கண்ணளவு போதும். இவர்கள் உடம்புக்கு அதுவே அதிகம்.

அப்படித்தான் ஆடி மாதத்தில் கந்தவேலுக்கும் கண்ணளவு வைத்தாள்.

அதை அவள் நினைப்பதில்லை. நான்தான் உங்களுக்காக நினைவுபடுத்திச் சொல்கிறேன். அன்றும் கரண்ட் இல்லாத நாள். கந்தவேல் தறி ஓட்டுகிறவன். பேதியில் கால் தள்ளாடி, மனைவி சென்னம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு தானே படியேறி வந்து அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்தான். உடம்பில் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். அந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கஷ்டமான விஷயம் ஒன்றுமில்லை. பாட்டில் தண்ணீரில் கலந்து சாயங்காலம் வரை மெல்ல மெல்ல ஏற்றினால் அது உயிர் கொடுக்கும். அவசரமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். அதற்காகவே மைக்ரோ செட் என்று தனிக் குழாய் உண்டு. அதில் சொட்டு பொடிசு, அறுபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. சாதாச் செட்டில் சொட்டு பெரிசு, இருபதிலேயே ஒரு மில்லி ஆகிவிடும். டாக்டர் மைக்ரோ செட்டுக்குத்தான் நிமிஷத்துக்கு அறுபது சொட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் மைக்ரோ செட் தீர்ந்திருந்தது. சாதாச் செட்டை மாட்டினால் அறுபதை மூன்றால் வகுத்து இருபது வைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டுவிடும்.

கூட நின்ற பிரபா சிஸ்டர் சொல்லவும் சொன்னாள். "அக்கா, இதுல சொட்டு பெருசுங்க. மூணுல ஒரு பங்குதான் வைக்கோணும்."

"சொட்டுன்னா சொட்டுதான்டி. எனக்கு வாத்தியாரு வேலை பாக்காத."

தேவிப்ரியாவுக்கு மூன்றால் வகுக்கத் தெரியாமல் இல்லை. இவனுக்கு எதற்கு வகுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான். அறுபதே வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கந்தவேல் கூப்பிட்டான். "கை எரியுதுங்க சிஸ்டர். கொஞ்சம் மெதுவா உடுங்க சிஸ்டர்." மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஊசி குத்தின கையை வாய்க்கு நேராகத் தூக்கி, சூடான சோற்றை ஊதுவது போல ஊதிக்கொண்டான். அவன் உடம்பிலிருந்து நூலுக்குப் போடும் பாவுக் கஞ்சியும் தறி எண்ணெயும் கலந்த வாடை வந்தது. அந்த வாடையும் அந்த முனகலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தறி புடிக்கற கைக்கு இது தாங்காதா? ஊரு ஒலகத்துல உனக்கு மட்டுந்தான் எரியுதா?"

சொல்லிக்கொண்டே சக்கரத்தை இன்னும் ஒரு தள்ளு மேலே தள்ளினாள். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று.

டீ வாங்கக் கீழே போயிருந்த சென்னம்மாள் திரும்பி வந்தபோது டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கந்தவேல் கையை வாயோரம் வைத்தபடியே இருந்தான், ஊதாமல்.

"குடிச்சுக் குடிச்சு ஒடம்பைக் கெடுத்து வச்சிருந்தான்மா, நெஞ்சு தாங்கலை" என்றாள் தேவிப்ரியா. "அவரு குடிக்க மாட்டாருங்களே, அவரு குடிக்க மாட்டாருங்களே" என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள் சென்னம்மாள். டாக்டர் விசாரித்தபோது, தேவிப்ரியா கைகாட்டியதில், சொட்டை வேகமாக விட்ட பழி பிரபா தலையில் விழுந்தது. அவள் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். அதோடு மைக்ரோ செட் வாங்குவதையே தேவிப்ரியா நிறுத்திவிட்டாள். அது வெட்டிச் செலவாம். அலமாரியில் அது இருந்தால்தானே எவளாவது கணக்குப் பேசுவாள்.

இப்படிப்பட்டவள்தான் அன்று உச்சிவெயில் ஏற ஏற, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நான்கு தரம் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தாள். தொடைச் சதை தானாகத் துடித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றுபோன தறிக்கூடங்களின் தகரக் கூரைகள் வெயிலில் வெடுக் வெடுக்கென்று நெட்டி முறித்தன; கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்; அந்த இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில், வார்டுக்குள்ளேயே, வெகு அருகில், யாரோ வாயைக் குவித்து மெல்ல ஊதுகிற சத்தம் கேட்டது.

ஃபூ.

கண்ணைத் திறந்தாள். கஞ்சி வாடை. அதன் அடியில் எண்ணெய். தறி ஓடாத நாளில், காற்றே இல்லாத வார்டில், எங்கிருந்து வரும்?

"ஏனுங்க சிஸ்டரு" என்றாள் முத்தாயம்மாள், தன் துணிப்பையில் ஆரஞ்சுப் பழத்தை அடுக்கிக்கொண்டே. "அந்தத் தம்பி பாவம், கைய ஊதிக்கிட்டே கெடக்குது. ஒரு எட்டுப் போயிப் பாக்கக் கூடாதா?"

"எந்தத் தம்பி?"

"ஜன்னலோரத்துல."

கட்டில் காலியாகத்தான் இருந்தது. விரிப்பு நடுவில் மட்டும், யாரோ படுத்திருந்த மாதிரி, லேசாக அமுங்கியிருந்தது. பக்கத்தில் ஸ்டாண்டு. பாத்ரூம் மூலையில் அவள் கையால் நிறுத்திவிட்டு வந்த அதே ஸ்டாண்டு.

"காச்சல் மூளைக்கு ஏறிடுச்சு கெழவிக்கு" என்று சொன்னாள். சொன்ன குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "வித்யா! இதை எதுக்குடி மறுபடி இங்க கொண்டாந்த?" என்று கேட்டபடி எழுந்தாள். ஸ்டாண்டைத் தூக்கிக் கீழே வீசிவிட வேண்டும் என்று நான்கு அடி நடந்திருப்பாள். முழங்கால் இரண்டும் அவளைக் கேட்காமல் மடிந்தன.

விழுந்த இடம் அந்தக் கட்டிலின் கால்மாடு.

அவளைப் பார்த்து உங்களுக்கு இரக்கம் வந்தால் அது உங்கள் நல்ல மனசு, அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் விழுந்து கிடந்தபோதும் அவள் நினைத்தது ஒன்றுதான்: இந்தக் கிழவி பார்க்கும்படி விழுந்துவிட்டோமே.

வித்யாவும் மருந்துக்கடை அன்பரசுவும் அவளைத் தூக்கினார்கள். "வேற கட்டிலு" என்று முனகினாள். "இதுலதாங்கக்கா காத்து வரும்" என்று வித்யா அந்த ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடத்தினாள். முதுகுக்குக் கீழே இருந்த பள்ளம் அவள் உடம்புக்குச் சரியாக இல்லை. அவளைவிட உயரமான யாருக்கோ பழகியிருந்தது.

டாக்டர் வந்தார். சட்டை சந்தனம் மணத்தது. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர். ரத்தம் எடுத்து, இன்வெர்ட்டர் இருந்த எதிர்த்த லேபுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"பொட்டாசியம் ரொம்ப எறங்கிடுச்சும்மா. அதான் கை கால் வரலை. பாட்டில்ல கலந்து போடச் சொல்லியிருக்கேன். மைக்ரோ செட், நிமிஷத்துக்கு அறுபது சொட்டு. சாயங்காலம் வரைக்கும் மெதுவா போகட்டும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சார்..." என்று வாயெடுத்தாள். மைக்ரோ செட் இல்லை சார். அதைச் சொன்னால் எத்தனை மாதமாக இல்லை என்று கேட்பார். ஏன் என்று கேட்பார். ஆடி மாதம் எதைப் போட்டீர்கள் என்று கேட்பார். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் கரண்ட் இல்லாமல் தலைமாட்டில் கறுப்பாக நின்றது. அதன் திரையில் ஜன்னலும் கட்டிலும் சின்னதாகத் தெரிந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். கார் கிளம்பிப் போகிற சத்தம் வெகு தூரம் வரை கேட்டது. ஊரே அவ்வளவு அடங்கியிருந்தது.

வித்யா ஊசியை இடது கையில் ஏற்றி, கை அசையாமல் இருக்க அட்டையை வைத்துத் துணியால் சுற்றினாள். அந்த ஸ்டாண்டிலேயே புது பாட்டிலை மாட்டினாள். சாதாச் செட்டைப் பிரித்தாள்.

"வித்யா. இருபது வைடி."

"டாக்டரு அறுபதுன்னாருங்களே அக்கா."

"அது மைக்ரோ செட்டுக்கு. இதுல சொட்டு பெருசு. மூணால வகுத்து... எண்ணு. கடிகாரத்தைப் பாத்து எண்ணு."

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பேரில் குற்றமில்லை. வருஷக் கணக்கில் அவள் கேட்டுப் பழகிய பேச்சு வேறு. "ஏனுங்கக்கா, நீங்களே இப்படி எண்ணு வகுன்னா நாங்க எங்க போறது? சொட்டுன்னா சொட்டுதான்." கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு தள்ளு, கண்ணால் ஒரு பார்வை. "ஆச்சு."

சொட் சொட் சொட் சொட்.

"எரியுதுடி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, காதுல போட்டுக்காதன்னு நீங்கதான சொன்னீங்க." போர்வையை இழுத்துவிட்டாள். "தூங்குங்கக்கா. இந்த அம்மாவை பஸ் ஏத்தி உட்டுட்டு ஒரு வாய் சாப்புட்டு வாரேன்."

முத்தாயம்மாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். தேவிப்ரியாவைப் பார்த்தாள். பிறகு தேவிப்ரியாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்க தம்பி, சிஸ்டருக்குக் காத்து வரட்டும்" என்று அந்த இடத்திடம் சொல்லிவிட்டு, வித்யாவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

செருப்புச் சத்தம் இறங்கியது. தெருவுக்குப் போனது. போய்விட்டது.

தேவிப்ரியா சொட்டைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் பாட்டில் மாட்டியிருப்பாள், ஒரு சொட்டையாவது இப்படி முழுசாகப் பார்த்ததில்லை. மேலே ஈரமாக ஒரு புள்ளி தோன்றுகிறது, அது கனத்து வயிறு வைக்கிறது, ஜன்னல் வெளிச்சம் தலைகீழாக அதற்குள் நிற்கிறது, கழுத்து மெலிகிறது, அறுகிறது, கீழே தேங்கிய தண்ணீரில் வட்டம் விடுகிறது. வட்டம் அடங்குவதற்குள் அடுத்தது. எதிர்ச்சுவரில் பேட்டரிக் கடிகாரம் ஓடியது. எண்ணினாள். புதுசில் எண்ணியது போல உதட்டை அசைத்து எண்ணினாள். விநாடி முள் பாதி வட்டம் போவதற்குள் நாற்பதைத் தாண்டியது. இது அறுபதுகூட இல்லை. இருபது இருக்க வேண்டிய இடத்தில் எண்பதுக்கும் மேலே.

கணக்கு அவளுக்கு இப்போது உடனே வந்தது. நான்கு மடங்கு. சாயங்காலம் வரை போக வேண்டியது சாயங்காலத்துக்கு வெகு முன்னால் உள்ளே போய்விடும். அதற்குள் இதயம்.

"வித்யா!"

குரல் கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை. கையில் எரிச்சல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியிருந்தது, நரம்புக்குள் மிளகாய்க் கரைசலை ஊற்றியது போல. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு துடிப்பு தவறி, பிறகு அவசரமாக வந்து சேர்ந்தது.

சக்கரம் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. வலது கையைத் தூக்கினாள். கை வரவில்லை. தூக்கினாள். ஈர மணல் மூட்டை மாதிரி வயிற்றின் மேல் ஏறியது, நெஞ்சின் மேல் நகர்ந்தது, தோளில் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். விரல் குழாயில் பட்டது. சக்கரம். கட்டைவிரல் பள்ளத்தில் பொருந்தியது. கீழே உருட்டினாள். கடைசிவரை உருட்டினாள்.

சொட்டு நின்றது.

அவள் அழுதுவிட்டாள். கை தானாகக் கீழே விழுந்தது. இனி அது எழாது என்று அவளுக்குத் தெரியும். பரவாயில்லை. நின்றுவிட்டது. வித்யா சாப்பிட்டுவிட்டு வருவாள். சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கழுதையை வேலையைவிட்டே துரத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி மைக்ரோ செட் வாங்கி வைத்துவிடலாம். பாருங்கள் சாமிகளா, அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது அதுதான். பிரபாவின் பேர் தோன்றவில்லை. சென்னம்மாள் கையிலிருந்த டீ தோன்றவில்லை.

ஒரே நிசப்தம். தகரக் கூரை நெட்டி முறிக்கவில்லை. அணில் இல்லை.

ஃபூ.

எரிகிற கையின் மேல் குளிர்ச்சியாக ஒரு மூச்சு பட்டது.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் மானிட்டர் பக்கம் கொண்டுபோனாள். கறுப்புத் திரையில் ஜன்னல் தெரிந்தது. கட்டில் தெரிந்தது. அவள் தெரிந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்திருந்த ஒரு முதுகு தெரிந்தது.

கஞ்சி வாடை. எண்ணெய்.

ஃபூ.

அக்கறையாக ஊதியது. குழந்தையின் காயத்துக்கு ஊதுவது போல.

குழாயில் அசைவு. பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

சக்கரத்தின் மேல் இரண்டு விரல். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுப் பழகிய, நுனி தேய்ந்த விரல்கள். அவசரமே இல்லை. சக்கரத்தை ஏந்தின. மேலே உருட்டின.

சொட்.

இன்னும் மேலே.

சொட் சொட் சொட்.

கடைசிவரை.

சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி இல்லாமல் போனது. சத்தம் போனது. குப்பிக்குள் சொட்டே இல்லை. ஒரு இழை. மேலிருந்து கீழே, வெள்ளையாக, அறாத ஒரு நூல். குழாய் வழியாக இறங்கி, மணிக்கட்டில் நுழைந்து, நெஞ்சை நோக்கி ஓடும் நூல். அதை அந்த விரல்கள் பதமாகப் பிடித்திருந்தன, அறுந்துவிடாமல்.

காதருகில் மூச்சு நின்றது. மரியாதையாக, மெதுவாக, ஒரு குரல் கேட்டது.

"எரியுதுங்களா சிஸ்டர்?"

வாயைத் திறந்தாள். முழுப் பலத்தோடு கத்தினாள்.

அந்த நொடியில், என்றும் இல்லாதபடி பொழுது சாய்வதற்கு முன்பே, கரண்ட் வந்தது. சந்துக்குச் சந்து, சுவருக்குச் சுவர், ஊரில் இருந்த அத்தனை தறியும் ஒன்றாக எழுந்து ஓடத் தொடங்கின. கீழே வித்யா கையைக் கழுவிக்கொண்டு, "அப்பாடா, வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில், சுழலத் தொடங்கிய மின்விசிறிக்குக் கீழே, திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அந்த நூல் மட்டும் அறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இனி மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் நோவு நொடி அண்டாமல் இருக்கட்டும். அப்படியே ஒரு நாள் படுக்க நேர்ந்தாலும், மெதுவாக விடுங்கள் என்று நீங்கள் சொன்னால் நின்று காதுகொடுக்கிற ஒரு மனுஷி உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்களை மதிக்கிற மனசு உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். நிறைஞ்சு இருங்க சாமி.